மழைநீர் வடிகட்டி: மூடியைத் திறந்து பார்க்கச் சில குறிப்புகள்

2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பழைய வீடு, புது வீடு என்ற பேதமில்லாமல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அவசர அவசரமாகக் குழாய் இறக்கினார்கள், குழி வெட்டினார்கள், மணலும் ஜல்லியும் கொட்டி மேலே ஒரு சிமெண்ட் மூடி போட்டார்கள். அந்த மூடிகளில் பலவற்றை அதன்பிறகு யாருமே திறந்ததில்லை. எனக்கு இதுதான் பெரிய ஆதங்கம். வடிகட்டி அடைத்துக்கொண்டால் மழைநீர் உள்ளே போகாது. குழாயில் ஏறி மொட்டைமாடியில் தேங்கும், சுவரில் ஊறும். பிளம்பரைக் கூப்பிட்டால் அவர் குழாயை அறுத்துத் தெருப்பக்கம் திருப்பிவிட்டுப் போவார். அதோடு அந்த வீட்டில் மழைநீர் சேகரிப்பு முடிந்தது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து இறங்கிய சென்னையில் இப்படித் திருப்பிவிட்ட குழாய்கள் எத்தனையோ தெருக்களில் இருக்கின்றன.

மொட்டைமாடி, இறங்கு குழாய், வடிகட்டித் தொட்டி, அதன்பின் கிணறோ உறைகிணறோ சம்ப்போ உள்ள சாதாரண வீட்டை மனத்தில் வைத்து இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். பெரும்பாலான வேலைகளுக்கு ஒரு துடைப்பம், ஒரு பக்கெட், ஒரு பழைய கரண்டி, கொஞ்சம் பொழுது போதும்.

1. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். ஆகவே புரட்டாசி பிறந்ததும் வேலையை ஆரம்பித்துவிடுங்கள். ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்கிற அதே வாரத்தில் வடிகட்டியையும் சேர்த்துக்கொண்டால் மறக்காது. கன்னியாகுமரி, நீலகிரி, கோவையின் மேற்குப் பகுதி ஆகியவற்றில் இருப்பவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழைதான் முதலில் வரும். அவர்களுக்கு வைகாசியே சரியான மாதம். மழை பிடித்தபிறகு ஆள் தேடினால் கொத்தனாரும் கிடைக்கமாட்டார், பிளம்பரும் கிடைக்கமாட்டார்.

2. எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வீடு வாங்கியவர்களுக்கும் வாடகைக்கு வந்தவர்களுக்கும் இது பெரும்பாலும் தெரிவதில்லை. ஒரு பக்கெட் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் மஞ்சள்தூளைக் கலக்கி மொட்டைமாடிக் குழாயின் வாயில் ஊற்றுங்கள். கீழே இன்னொருவர் எல்லா மூடிகளையும் திறந்துவைத்துப் பார்க்கட்டும். மஞ்சள் தண்ணீர் வடிகட்டித் தொட்டிக்கு வந்தால் நல்லது. சாக்கடைத் தொட்டியில் எட்டிப்பார்த்தால் அந்தக் குழாயை யாரோ எப்போதோ மாற்றி இணைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியாகச் செய்துபார்த்து, ஒரு தாளில் படம் போட்டு, மின்சாரப் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.

3. இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 1,000 சதுர அடி மொட்டைமாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். 1 சென்டிமீட்டர் மழை பெய்தாலே 930 லிட்டர் விழுகிறது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. ஆவியாவது, சிதறுவது, முதல் மழையில் வெளியே விடுவது எல்லாவற்றையும் கழித்தாலும் ஒரு மொட்டைமாடியிலிருந்து ஆண்டுக்கு 1 லட்சம் லிட்டர். லாரித் தண்ணீர் வாங்கியவர்களுக்கு இதன் மதிப்பை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

4. மொட்டைமாடியைக் கூட்டும்போது ஹோஸ் பைப்பைப் பிடித்துக் கழுவி, அழுக்கையெல்லாம் குழாய்க்குள் தள்ளிவிடாதீர்கள். காய்ந்திருக்கும்போதே கூட்டி அள்ளுங்கள். புறா எச்சம், வேப்பிலைச் சருகு, முருங்கைப் பூ, பூந்தொட்டியிலிருந்து வழிந்த மண், வீடு கட்டியபோது மிச்சமாகிக் கெட்டிப்பட்ட சிமெண்ட் மூட்டை ஆகியவைதான் வடிகட்டியின் முதல் எதிரிகள். மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் தொட்டிகளுக்கு அடியில் தட்டு வையுங்கள்; மண்புழு உரம் கரைந்த தண்ணீர் கிணற்றுக்குப் போகக்கூடாது. பூச்சிமருந்து அடிப்பவர்கள் மழைக்காலம் முடியும்வரை நிறுத்திவைப்பது உத்தமம்.

5. மொட்டைமாடியில் துணி துவைக்கும் கல்லோ வாஷிங்மெஷினோ இருக்கிறதா? அந்தச் சோப்புத் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். பக்கத்தில் இருக்கிறது, வசதியாக இருக்கிறது என்று மழைநீர்க் குழாயிலேயே இணைத்துவிட்ட வீடுகள் நிறைய. சோப்பின் பிசுக்கு மணலோடு சேர்ந்து இறுகிப்போகும். தனிக் குழாய் போட்டு உடனே பிரித்துவிடுங்கள்.

6. குழாயின் வாயில் தட்டையான சல்லடை போட்டிருந்தால், ஒரு பிளாஸ்டிக் கவர் வந்து படிந்தாலே மாடி குளமாகிவிடும். கூண்டுபோல மேலே எழும்பி நிற்கும் மூடி ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. அதில் அடிப்பக்கம் அடைத்தாலும் மேல்பக்கம் தண்ணீர் போகும். சிலர் இங்கேயே கொசுவலையைக் கட்டிவிடுகிறார்கள். வேண்டாம். அவ்வளவு சின்னக் கண் உள்ள வலை நல்ல மழையில் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். இந்த இடத்தில் இலையும் காகிதமும் நின்றால் போதும், மண்ணைப் பிடிக்கக் கீழே வேறு ஏற்பாடு இருக்கிறது.

7. இறங்கு குழாயை ஒரு குச்சியால் மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டே வாருங்கள். வெற்றிடம் உள்ள இடத்தில் ஓசை கணீரென்று இருக்கும். அடைப்பு உள்ள இடத்தில் மந்தமாகக் கேட்கும். அணில் கூடும் குளவிக் கூடும் பெரும்பாலும் வளைவுகளில்தான் இருக்கும். வெயிலில் வெளுத்து நொறுங்குகிற பிவிசி குழாயையும் கிளாம்ப் கழன்று ஆடுகிற குழாயையும் இப்போதே மாற்றுங்கள்.

8. நீண்ட இடைவெளிக்குப் பிறகு பெய்யும் முதல் மழையை உள்ளே விடக்கூடாது. மாடியில் படிந்த தூசியும் எச்சமும் வாகனப் புகைக் கரியும் அதில்தான் கரைந்து வரும். முதல் 1 மில்லிமீட்டர் மழையையாவது வெளியே விடவேண்டும் என்று வைத்துக்கொண்டால், 1,000 சதுர அடி மாடிக்கு ஏறக்குறைய 93 லிட்டர் ஆகிறது. இதைப் பிடிப்பதற்கென்று பல வீடுகளில் இறங்கு குழாயோடு மூடிபோட்ட ஒரு துண்டுக் குழாயை இணைத்திருக்கிறார்கள். 4 அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்கு 8 லிட்டர்தான் கொள்ளும். மூன்று அடித் துண்டை வைத்துவிட்டு முதல் மழை வெளியேறிவிட்டது என்று நினைப்பது வீண். மூடிபோட்ட 100 லிட்டர் டிரம்மை இணைக்கலாம். இல்லையென்றால் வடிகட்டித் தொட்டிக்கு முன்னால் தெருப்பக்கம் திறக்கும் வால்வு ஒன்றைப் போட்டு, தண்ணீர் கலங்கல் இல்லாமல் தெளிந்து வரும்வரை திறந்தே வைத்திருக்கலாம். எனக்கு வால்வுதான் பிடிக்கும். கண்ணால் பார்த்து மூடுவதில் ஒரு நிச்சயம் இருக்கிறது.

9. அந்த வால்வைப் பருவமழைக்கு முன் ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால் இறுகிவிடும். டிரம் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அதைக் காலி செய்யவேண்டும். நிறைந்தே நிற்கிற டிரம் அடுத்த மழையின் அழுக்கை எங்கே வாங்கிக்கொள்ளும்? அந்தத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றலாம்.

10. இப்போது வடிகட்டித் தொட்டிக்கு வருவோம். முக்கால்வாசி வேலை இங்கேதான். நம் ஊர் வீடுகளில் பரவலாக இருப்பது ஏறக்குறைய 2½ அடி நீள, அகல, ஆழம் உள்ள செங்கல் தொட்டி. மேலே மணல், கீழே கூழாங்கல் அல்லது செங்கல் ஜல்லி. மூடியைத் திறந்ததும் கையை விட்டுவிடாதீர்கள். தேளும் பூரானும் பாம்பும் குளிர்ச்சி தேடி அங்கே ஒதுங்கும். டார்ச் அடித்துப் பாருங்கள், ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள்.

பிறகு மணலின் மேற்பரப்பைக் கவனியுங்கள். வெடிப்பு விட்ட வண்டல் ஏடாகப் படிந்திருந்தால் அடைப்பு தொடங்கிவிட்டது. பச்சையோ கறுப்போ வழுவழுப்பாக இருந்தால் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கியிருக்கிறது. ஒரு மூலையில் மணல் குழிந்திருந்தால் தண்ணீர் அந்த வழியாகவே ஓடி, வடியாமல் நேராகக் கிணற்றுக்குப் போகிறது. குழாயிலிருந்து தண்ணீர் விழுகிற இடத்தில்தான் இந்தக் குழிவு வரும். அங்கே ஒரு தட்டையான கல்லை வைத்துவிட்டால் தண்ணீர் கல்லில் விழுந்து சுற்றிலும் பரவும். ஒரு செலவுமில்லாத இந்தக் கல் பல வீடுகளில் இல்லை.

சுவரில் தண்ணீர் நின்ற கறையையும் பாருங்கள். கறை மணலுக்கு ஒரு சாண் மேலே இருந்தால் போன வருஷம் தண்ணீர் இறங்கத் திணறியிருக்கிறது. வேர் நுழைந்திருக்கிறதா, செங்கல் பூச்சு உரிந்து மணலில் கலந்திருக்கிறதா, வெளியேறும் குழாயின் வாயில் வலை இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம்.

11. அடைத்துவிட்டது என்று தெரிந்ததும் தொட்டி முழுவதையும் தோண்டிக் கொட்ட வேண்டியதில்லை. அழுக்கு பெரும்பாலும் மேலே உள்ள 2 அங்குலத்தில்தான் நிற்கும். அந்த 2 அங்குல மணலை மட்டும் பழைய கரண்டியாலோ கொல்லுறுவாலோ சுரண்டி எடுத்துவிட்டு, கழுவிய மணலை அதே அளவுக்குப் போடுங்கள். ஆண்டுதோறும் இதைச் செய்கிற வீட்டில், முழுத் தொட்டியையும் காலி செய்து கழுவுவது மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். மேல்மணலை மாற்றியபிறகும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் மட்டும் அடிவரை எடுங்கள்.

12. மணலைக் கழுவிவிட்டேன் என்று கொத்தனார் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒரு கண்ணாடி பாட்டிலில் சோதித்துப் பாருங்கள். பாட்டிலில் பாதிக்கு மணலும் மீதிக்குத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். சில நிமிஷங்களில் மணல் அடியில் இறங்கிவிடும். மேலே நிற்கும் தண்ணீர் செம்மண் கரைசல்போல இருந்தால் இன்னும் கழுவவேண்டும். எம்-சாண்டில் கல்தூள் அதிகம். நாலைந்து தண்ணீராவது மாற்றிக் கழுவினால்தான் ஆகும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு கிணற்றில் இறங்கும்.

13. மணல் எவ்வளவு நைசாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக வடிகட்டும் என்று நினைத்துச் சிலர் பூச்சு மணலைப் போடுகிறார்கள். காபி ஃபில்டரில் பொடியை அழுத்திவைத்தால் டிகாக்‌ஷன் இறங்காமல் நின்றுவிடுமே, அதேதான் நடக்கும். பருமணலாக, கைக்குச் சொரசொரப்பாக இருக்கவேண்டும். மணலுக்கும் கூழாங்கல்லுக்கும் நடுவே ஒரு நைலான் வலையை விரித்துவிட்டால் மணல் கீழே இறங்கிக் கல்லின் இடைவெளியை அடைக்காது. அந்த வலையின் ஓரங்களைச் சுவரோடு சேர்த்து ஒரு சாண் உயரத்துக்கு மடித்துவிடுங்கள். வலையை இப்படி விரித்திருந்தால் அடுத்தமுறை மணலை அள்ளி எடுப்பதும் சுலபம்.

14. கரி போட்டிருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றவேண்டும். கரி வாடையையும் நிறத்தையும் ஓரளவு இழுக்கும், கிருமியைக் கொல்லாது. பழைய கரியைப் பூந்தொட்டி மண்ணில் கலந்துவிடலாம். கிணற்றுக்கும் உறைகிணற்றுக்கும் போகிற தண்ணீருக்குக் கரி அவசியமில்லை என்பது என் எண்ணம். சம்ப்பில் பிடித்து உபயோகிப்பவர்களுக்குத்தான் அது தேவை.

15. மணல் தொட்டிக்குப் பதிலாகக் குழாயோடு பொருத்தும் ரெடிமேட் ஃபில்டர் வைத்திருக்கிறீர்களா? அதற்குள் இருக்கிற ஸ்டீல் வலை இலையையும் குப்பையையும் தடுக்கும், நைசான வண்டலைத் தடுக்காது. மழை பெய்யும் வாரங்களில் வாரம் ஒருமுறை மூடியைத் திருகி வலையை வெளியே எடுத்து, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சிப் பழைய டூத் பிரஷால் தேயுங்கள். மாட்டும்போது ரப்பர் வாஷர் தன் இடத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கும்போதே ஏணி இல்லாமல் எட்டுகிற உயரத்தில் பொருத்தச் சொல்லுங்கள். உயரத்தில் இருக்கிற ஃபில்டரை வாரம் ஒருமுறை யாரும் கழற்றப்போவதில்லை.

16. கேட்டுக்கு முன்னால் கம்பிமூடி போட்ட வாய்க்கால் வழியாக முற்றத்துத் தண்ணீரைப் பிடிக்கிற வீடுகள் உண்டு. அந்தத் தண்ணீரில் வண்டி எண்ணெயும் நாய் அசுத்தமும் மண்ணும் கலந்திருக்கும். அதை வீட்டு உபயோகக் கிணற்றுக்கோ சம்ப்புக்கோ விடாதீர்கள். தனி உறைகிணற்றுக்கு விடுங்கள். அதற்கு முன்னால் மண் தங்குவதற்கு ஒரு சின்னத் தொட்டி இருக்கவேண்டும். வெளியேறும் குழாய்க்குக் கீழே ஒரு அடி ஆழம் விட்டிருந்தால் மண் அங்கே படியும். பாதி நிறைந்ததுமே அள்ளிவிடுங்கள். முழுக்க நிறையும்வரை விட்டால் அதற்கப்புறம் வருகிற மண்ணெல்லாம் உறைகிணற்றுக்குத்தான் போகும்.

17. தண்ணீர் பூமிக்குள் இறங்குகிற வேகம் மண்ணைப் பொறுத்தது. பெசன்ட் நகர், திருவான்மியூர்போல மணற்பாங்கான இடத்தில் சின்னக் குழியே குடித்துவிடும். அண்ணா நகர், கொளத்தூர்போலக் களிமண் உள்ள இடத்தில் ஆழமான உறைகிணறு போட்டுக் களிமண்ணைத் தாண்டி இறக்கினால்தான் பலன். உங்கள் குழி எப்படியிருக்கிறது என்று தெரிய, அதில் தண்ணீர் நிறைத்து, அளவு குறித்த ஒரு குச்சியை நட்டு, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பாருங்கள். அந்த எண்ணை மூடியின் உள்பக்கத்தில் வருஷத்தோடு பெயிண்டால் எழுதிவையுங்கள். அடுத்த வருஷம் அது பாதியாகக் குறைந்திருந்தால் அடியில் வண்டல் சேர்ந்திருக்கிறது, தூர் வாரவேண்டும்.

18. உறைகிணற்றுக்குள் ஜல்லியும் உடைந்த செங்கலும் நிரப்பியிருந்தால், தூர் வாரும்போது அதையெல்லாம் வெளியே எடுத்தபின் திரும்பப் போடாமலே விடலாம். சிமெண்ட் உறை இறக்கி மேலே கனமான மூடி போட்டிருக்கிற கிணற்றுக்கு நிரப்புச் சரக்கு தேவையில்லை. காலியாக இருந்தால் தண்ணீருக்கு இடமும் அதிகம், அடுத்தமுறை சுத்தம் செய்வதும் எளிது.

19. இதை மட்டும் தயவுசெய்து இரண்டுமுறை படியுங்கள். நெடுநாள் மூடிக்கிடந்த உறைகிணற்றிலும் சம்ப்பிலும் யாரும் சட்டென்று இறங்கக்கூடாது. உள்ளே பிராணவாயு இல்லாமல் இருக்கலாம், விஷவாயு தேங்கியிருக்கலாம். அது கண்ணுக்குத் தெரியாது, பல சமயம் வாடையும் இருக்காது. தீபத்தை இறக்கிப் பார்த்து, அணையவில்லை என்பதால் இறங்கலாம் என்ற பழைய வழக்கத்தை நம்பாதீர்கள். சில விஷவாயுக்களில் விளக்கு அணையாமல் எரியும், எரிகிற வாயுவாக இருந்தால் பற்றிக்கொள்ளவும் செய்யும். நீண்ட கைப்பிடி உள்ள வாளியாலும் மோட்டாராலும் மேலேயிருந்தே முடிகிற வேலையை மேலேயிருந்தே முடியுங்கள். ஆழமான வேலைக்குக் காற்றைச் சோதிக்கும் கருவியும் கயிறும் மேலே காவலுக்கு ஆளும் கொண்டு வருகிறவர்களையே கூப்பிடுங்கள். உள்ளே ஒருவர் மயங்கிவிட்டால் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கக்கூடாது. இப்படித்தான் ஒரே குழியில் இரண்டு மூன்று உயிர்கள் போகின்றன. உடனே 101க்கும் 108க்கும் போன் செய்யுங்கள். சுத்தம் செய்கிற நாளில் குழந்தைகளை வீட்டுக்குள் வைத்திருங்கள். திறந்த மூடியைக் காவலின்றி விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகாதீர்கள்.

20. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வெப்பமான நாட்களில் முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாட்கள் போதும். ஆகவே வடிகட்டியில் தண்ணீர் மூன்று நாளுக்கு மேல் நின்றால் அது பழுது. மூடிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கு, காற்றுக்குழாயின் வாய், வழிந்தோடும் குழாயின் வாய் ஆகிய மூன்று இடங்களிலும் கொசுவலை கட்டுங்கள். ஏடிஸ் முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும்.

21. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். அந்த மழை 1,000 சதுர அடி மாடியில் விழுந்தால் 45,000 லிட்டருக்கும் மேல். எந்த வடிகட்டியாலும் அதை வாங்கிக்கொள்ள முடியாது. மிஞ்சுகிற தண்ணீர் போவதற்கு ஒரு வழி வேண்டும். வழிந்தோடும் குழாய் வீட்டுத் தளத்தைவிடத் தாழ்ந்தும் தெருவைவிட உயர்ந்தும் இருக்கவேண்டும். தெருவை ஒவ்வொருமுறை புதிதாகப் போடும்போதும் அது உயர்ந்துகொண்டே வருகிறது. பத்து வருஷத்துக்கு முன் சரியாக இருந்த குழாய் இன்று தெருத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கலாம். தெரு போட்டதும் இதைப் பாருங்கள். குழாயை உயர்த்த இடமில்லையென்றால், தண்ணீர் வெளியே மட்டும் போகவிடும் வால்வைப் பொருத்தச் சொல்லுங்கள்.

22. வற்றிப்போன போரில் மழைநீரை இறக்குகிறவர்கள் மாடித் தண்ணீரை மட்டுமே, அதுவும் நன்றாக வடிகட்டிய பிறகே இறக்கவேண்டும். முற்றத்துத் தண்ணீர் கூடவே கூடாது. வண்டல் போய்க் கேசிங் குழாயின் துளைகளை அடைத்தால் அந்தப் போர் மீண்டு வருவது கடினம். அசுத்தம் போனாலோ அக்கம்பக்கத்துப் போர்களுக்கும் சேர்த்துக் கெடுதல்.

23. சம்ப்பில் பிடித்த மழைநீரைக் கிருமிநீக்கம் செய்ய, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். 10,000 லிட்டர் சம்ப்புக்கு 25 கிராம். நேராகக் கொட்டாமல் ஒரு பிளாஸ்டிக் பக்கெட் தண்ணீரில் கலக்கிச் சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து உபயோகிக்கலாம். பழைய பவுடரில் வீரியம் இருக்காது, கொஞ்சமாகப் புதிதாக வாங்குங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை அதன் பக்கத்தில்கூட வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் விஷவாயு கிளம்பும். குடிப்பதற்கு எப்படியும் கொதிக்கவைத்தே குடியுங்கள். சம்ப்புக்குள் வெளிச்சம் படாமல் மூடிவைத்தால் பாசி பிடிக்காது.

24. கிணற்றில் திடீரென்று நுரை வந்தாலோ அழுகல் வாடை அடித்தாலோ வடிகட்டியைக் குறைசொல்வதற்கு முன் செப்டிக் டேங்கைப் பாருங்கள். கிணற்றுக்கும் செப்டிக் டேங்க் தண்ணீரை உறிஞ்சும் குழிக்கும் இடையே 15 மீட்டராவது இருக்கவேண்டும். நெருக்கமான மனைகளில் இதற்கு இடமிருக்காது. அங்கே அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

25. அடுக்குமாடிக் குடியிருப்பில் இது எல்லாருக்கும் பொதுவான வேலை, அதனாலேயே யாருடைய வேலையும் இல்லாமல் போகிறது. லிஃப்ட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் பராமரிப்பு ஒப்பந்தம் போடுகிற சங்கம் இதற்கும் ஒரு தேதி குறிக்கவேண்டும். மூடியைத் திறந்தபோது ஒன்றும் சுத்தம் செய்தபிறகு ஒன்றுமாகப் போட்டோ எடுத்துச் சங்கக் குழுவில் போடச் சொல்லுங்கள். முக்கியமாக, கீழ்த்தளத்துக்குப் புதிதாக டைல்ஸ் பதிக்கும்போது விழிப்பாக இருங்கள். மூடியின் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிட்டால் அங்கே ஒரு குழி இருப்பதே மறந்துபோகும். கார் நிற்கிற இடத்தில் இருக்கும் மூடி அந்த எடையைத் தாங்குமா என்றும் கேளுங்கள்.

26. மொட்டைமாடிக்கு வெப்பம் தடுக்கும் பெயிண்ட்டோ நீர்க்கசிவு தடுக்கும் பூச்சோ அடித்தால், அதற்குப் பிறகு வருகிற இரண்டு மூன்று நல்ல மழைகளை முழுவதுமாக வெளியே விட்டுவிடுங்கள்.

27. எல்லாம் செய்து முடித்தபிறகு, முதல் நல்ல மழையன்று குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து நில்லுங்கள். வறண்ட நாளில் ஒளிந்திருக்கிற ஒவ்வொரு குறையும் அப்போது தன்னைக் காட்டிக்கொள்ளும். எந்த மூட்டு ஒழுகுகிறது, மாடியின் எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, தொட்டியில் தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா, வழிந்தோடும் குழாய் எப்போது பேச ஆரம்பிக்கிறது என்றெல்லாம் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். வடிகட்டியில் நுழைகிற தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரிலும் வெளியேறுகிற தண்ணீரை இன்னொரு டம்ளரிலும் பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரேபோல் கலங்கலாக இருந்தால் தண்ணீர் மணலைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போகிறது. மாணவர்கள் இருக்கிற வீட்டில் இந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள், ஆசையாகச் செய்வார்கள். இடி மின்னல் இருந்தால் மட்டும் மாடிக்குப் போகவேண்டாம்.

28. கிணறு உள்ளவர்கள் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சு போட்டுவைத்துக்கொள்ளுங்கள். சித்திரையிலும் தை மாதத்திலும் தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து மாதக் காலண்டரில் எழுதுங்கள். மோட்டார் ஓடாத அதிகாலையில் அளந்தால்தான் கணக்கு சரியாக வரும். ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி, அதே நாளில் தண்ணீரின் உப்பையும் பார்த்து எழுதிவிடுங்கள். நாலைந்து ஆண்டுக் கணக்கு சேர்ந்தபிறகு, மழை நன்றாகப் பெய்தும் தை மாத நீர்மட்டம் உயராத வருஷம் ஒன்று அதில் தெரிந்தால், முதலில் 10ஆம் குறிப்புக்குப் போய் மூடியைத் திறங்கள்.